21 பிகோகிராமும் 90 நாளும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குதிரைப் பந்தயத்தில் ஊக்கமருந்து பிடிபட்டதாகச் செய்தி வந்தால், பயிற்சியாளருக்கு எத்தனை நாள் தடை, எவ்வளவு அபராதம் என்பதோடு செய்தி முடிந்துவிடுகிறது. எந்த மருந்து, குதிரையின் உடம்புக்குள் எந்த வழியாகப் போனது, எவ்வளவு இருந்தது என்ற மூன்றும் தெரியாமல் தண்டனை கூடவா குறைவா என்று யாராலும் சொல்ல முடியாது. அமெரிக்காவின் கென்டக்கி டெர்பி பந்தயத்தில் 2021இல் முதலில் வந்த குதிரையின் ரத்தத்தில் மருந்து தென்பட்டு, பயிற்சியாளருக்கு 90 நாள் தடை விதித்த விவகாரத்தைப் பேசுகிறவர்களில் ஒரு சாரார் ‘இவ்வளவு பெரிய மோசடிக்கு வெறும் 90 நாளா’ என்று கொதிக்கிறார்கள். இன்னொரு சாரார் ‘தோலுக்குப் பூசின களிம்புக்காக ஒரு மனிதரை இப்படியா வதைப்பது’ என்று பரிதாபப்படுகிறார்கள். இரு சாராரும் தண்டனையின் நீளத்தைத்தான் அளக்கிறார்கள். எதற்காகத் தண்டனை என்பதையே பந்தய விதிகள் தெளிவாகப் பிரித்து வைக்கவில்லை. கோளாறு அங்கே தொடங்குகிறது.

‘ஊக்கமருந்து’ என்ற சொல்லே வாசகரைத் தவறான இடத்துக்குக் கூட்டிப் போகிறது. கேட்டதும், மருந்து ஏற்றிய குதிரை பறந்திருக்கும் என்று தோன்றும். பந்தயக் குதிரைகளில் அடிக்கடி அகப்படுபவை வலியையும் வீக்கத்தையும் அடக்கும் சாதாரண வைத்திய மருந்துகள்: லாயத்தில் ‘பியூட்’ என்று சொல்லும் ஃபீனைல்பியூட்டசோன், ஃபுளூனிக்சின், பீட்டாமெத்தசோன், மரத்துப்போகச் செய்யும் லிடோகைன். மூட்டு வலிக்கும் குதிரை நொண்டும். நொண்டினால் ஓடவிட மாட்டார்கள். வலியை மறைத்தால் ஓடும். ஓடும்போது, ஏற்கெனவே மயிரிழை விரிசல் கண்ட எலும்பு முழு வேகத்தில் முறியும். மேலே இருக்கும் ஜாக்கியும் போய்விழுவார். வலி மருந்துக்குத் தடை இருப்பதற்கு முதல் காரணம் இதுதான். இதற்கு நேர் எதிராக, அசிப்ரோமசின் போன்ற தணிப்பு மருந்தைக் கொடுத்து ஜெயிக்க வேண்டிய குதிரையைத் தோற்கடிக்கிற வழியும் உண்டு. அதையும் நாம் ஊக்கமருந்து என்றே எழுதிக்கொண்டிருக்கிறோம்.

சோதனை எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் மற்றவை எளிதில் புரியும். பந்தயம் முடிந்ததும் ஜெயித்த குதிரையும், ஸ்டீவர்டுகள் (பந்தய நடுவர்கள்) குறித்துக் கொடுக்கும் வேறு சில குதிரைகளும் சோதனை லாயத்துக்குப் போகும். அங்கே சேரும்வரை அதிகாரிகளின் ஆள் ஒருவர் கூடவே நடப்பார்; குதிரை அவர் கண்ணை விட்டு மறையக் கூடாது. மைக்ரோசிப்பைப் படித்து அதே குதிரைதானா என்று பார்ப்பார்கள். கழுவி, சுற்றி நடக்கவிட்டு, மூச்சு தணிந்த பிறகு சுத்தமான படுக்கை போட்ட அறைக்குள் விடுவார்கள். நீண்ட கம்பின் நுனியில் கிண்ணத்தை மாட்டிக்கொண்டு ஒருவர் ஓரமாக நிற்பார். சைஸ் (குதிரையைப் பராமரிப்பவர்) மெல்லச் சீட்டியடிப்பார். சிறு வயதிலிருந்தே அப்படிப் பழக்கிய குதிரை, சீட்டிச் சத்தம் கேட்டதும் பின்கால்களை அகட்டிச் சிறுநீர் விடும். கூச்சப்படும் குதிரைக்காக ஒரு மணி நேரம் போலக் காத்திருந்துவிட்டு, கழுத்துச் சிரையில் ரத்தம் மட்டும் எடுத்துக்கொண்டு அனுப்பிவிடுவதும் உண்டு. எடுத்ததை ஏ, பி என இரண்டாகப் பிரித்து முத்திரை வைப்பார்கள். புட்டியில் எண் மட்டும் இருக்கும். குதிரையின் பெயர் இருக்காது. பயிற்சியாளரின் ஆள் பக்கத்தில் நின்று பார்த்துக் கையெழுத்துப் போடுவார். ஏ மாதிரியில் ஏதாவது தென்பட்டால், பயிற்சியாளர் கேட்டுக்கொண்டபடி பி மாதிரி வேறொரு ஆய்வகத்துக்குப் போகும்.

இதில் தவறு நடக்கும் இடங்கள் அற்பமானவை. முந்தைய குதிரை குடித்த வாளியை அலசாமல் அடுத்ததற்கு வைப்பது. கையில் களிம்பு ஒட்டியிருப்பவர் வாய்க்கட்டைப் பிடிப்பது. ‘பார்த்தேன்’ என்று கையெழுத்துப் போட வேண்டியவர் டீ குடிக்கப் போயிருப்பது. கடைசியாகச் சொன்ன ஒன்றை வைத்தே வக்கீல்கள் மாதக்கணக்கில் வாதாடலாம்.

இனி டெர்பிக்கு வருவோம். 2021 மே 1 அன்று கென்டக்கியின் சர்ச்சில் டவுன்ஸ் மைதானத்தில் மெடினா ஸ்பிரிட் என்ற குதிரை முதலில் வந்தது. அதன் பயிற்சியாளர் பாப் பாஃபர்ட். ரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 21 பிகோகிராம் (ஒரு பிகோகிராம் என்பது கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) பீட்டாமெத்தசோன் இருந்ததாக அவரே மே 9 அன்று அறிவித்தார். அந்த மருந்தைக் கொடுக்கவே இல்லை என்றும் சொன்னார். இரண்டு நாள் கழித்து, தோல் நோய்க்கு ஓட்டோமேக்ஸ் என்ற களிம்பு பூசியதாகவும், அதில் பீட்டாமெத்தசோன் இருப்பதாகவும் விளக்கம் வந்தது. ஒரு பயிற்சியாளரின் லாயத்தில் பூசுகிற களிம்பின் டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது என்பது பாசிட்டிவ் வந்த பிறகுதான் தெரிகிறது என்றால், அதுவே தனிக் குற்றம் என்பது என் கருத்து. அதைப் பிறகு பார்க்கலாம்.

21 பிகோகிராம் என்பது எவ்வளவு? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 500 கிலோ குதிரையின் உடம்பில் ஏறக்குறைய 40 லிட்டர் ரத்தம். அதில் செல்களைத் தள்ளினால் சுமார் 25 லிட்டர் பிளாஸ்மா. 25,000 மில்லிலிட்டரை 21 பிகோகிராமால் பெருக்கினால் அரை மைக்ரோகிராம் சொச்சம். ஒரு அரிசி 20 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால், அதை 40,000 துண்டாக்கி ஒன்றை எடுத்த அளவு. ‘இவ்வளவு கொஞ்சம் என்ன செய்துவிடும்’ என்ற வாதம் இங்கிருந்துதான் கிளம்புகிறது.

கேட்க நியாயமாக இருக்கும் இந்த வாதத்தில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. பீட்டாமெத்தசோனை வழக்கமாக மூட்டுக்குள் ஊசியால் செலுத்துவார்கள். அமெரிக்க மாநிலங்கள் பின்பற்றிவந்த பழைய அட்டவணை ஒரு மூட்டுக்கு 9 மில்லிகிராம் என்று எடுத்துக்கொண்டு, ஏழு நாளில் ரத்தத்தில் 10 பிகோகிராமுக்குக் கீழே இறங்கிவிடும் என்று கணக்கிட்டது. அதாவது, ரத்தத்தில் எதுவுமே இல்லாத மாதிரி தெரியும் நாளிலும் மூட்டுக்குள் மருந்தின் வேலை நடந்துகொண்டிருக்கலாம். அளவு கொஞ்சம் என்பதால் பயனும் கொஞ்சம் என்றாகாது. அதே போல, அளவு தென்பட்டதாலேயே ஊசி போட்டிருக்கிறார்கள் என்றும் ஆகாது. அந்த எண் வழியைச் சொல்லாது. வழியைச் சொல்வது மருந்தின் வேதி வடிவம். ஊசி மருந்தில் இருப்பது பீட்டாமெத்தசோன் அசிடேட். களிம்பில் இருப்பது வாலரேட். பாஃபர்ட் தரப்பு நீதிமன்றத்துக்குப் போய் மிச்சமிருந்த சிறுநீரை நியூயார்க் ஆய்வகத்தில் பார்க்கச் செய்தது. வாலரேட்தான் இருந்தது, அசிடேட் இல்லை என்று அந்தத் தரப்பு அறிவித்தது. களிம்புக் கதைக்கு அது வலுவான ஆதாரம்.

ஆனால் கென்டக்கி விதி வழியைக் கேட்கவில்லை. பந்தய நாளில் பீட்டாமெத்தசோன் எந்த வடிவிலும் தென்படக் கூடாது என்றது. 2022 பிப்ரவரி 21 அன்று ஸ்டீவர்டுகள் மெடினா ஸ்பிரிட்டின் வெற்றியைப் பறித்து மாண்டலூனை வெற்றிக் குதிரையாக அறிவித்தார்கள். பாஃபர்ட்டுக்கு 90 நாள் தடை, 7,500 டாலர் அபராதம். வெற்றிக்கான பரிசுப் பணம் 18 லட்சத்து 60 ஆயிரம் டாலர். அதில் பயிற்சியாளரின் வழக்கமான பத்து சதவீதப் பங்கே 1,86,000 டாலர். அபராதத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

என் பார்வையில், வெற்றியைப் பறித்தது சரி. அதில் யாருடைய மனநிலையையும் ஆராய வேண்டியதில்லை. மற்ற குதிரைகள் மருந்தில்லாமல் ஓடின, இது மருந்தோடு ஓடியது; களிம்போ ஊசியோ, முடிவைத் திருத்த அது போதும். திருத்த எடுத்துக்கொண்ட காலம்தான் அநியாயம். ஒன்பது மாதத்துக்கு மேல். நடுவில், 2021 டிசம்பர் 6 அன்று, கலிபோர்னியாவின் சாந்தா அனிதா மைதானத்தில் காலை ஓட்டத்துக்குப் பிறகு மெடினா ஸ்பிரிட் விழுந்து இறந்தே போனது. தீர்ப்பு வந்தபோது தகுதி இழக்கக் குதிரை உயிரோடு இல்லை.

பயிற்சியாளரின் தடைக்கு வேறு அளவுகோல் வேண்டும். அவருடைய பழைய கணக்கையும் இங்கே புரட்ட வேண்டியிருக்கிறது. 2020 மே 2 அன்று ஆர்கன்சாஸின் ஓக்லானில் அவருடைய கமீன், சார்லடன் என்ற இரண்டு குதிரைகளில் லிடோகைன். உதவிப் பயிற்சியாளர் முதுகுவலிக்கு ஒட்டியிருந்த சலோன்பாஸ் பட்டையிலிருந்து கை வழியாகப் போனது என்றார்கள். ஸ்டீவர்டுகள் 15 நாள் தடை விதித்து வெற்றிகளையும் ரத்து செய்தார்கள். மேல்முறையீட்டில் வெற்றிகள் திரும்பின, தடை போனது, ஒரு குதிரைக்கு 5,000 டாலர் வீதம் அபராதம் மட்டும் மிஞ்சியது. அதே கோடையில் கலிபோர்னியாவில் மெர்னீத் என்ற குதிரையில் டெக்ஸ்ட்ரார்ஃபன், சைஸ் குடித்த இருமல் மருந்து, அவர் லாயத்திலேயே சிறுநீர் கழித்ததால் வந்தது என்றார்கள், 2,500 டாலர். செப்டம்பரில் கென்டக்கி ஓக்ஸில் மூன்றாவதாக வந்த கமீனில் மறுபடி பீட்டாமெத்தசோன், 27 பிகோகிராம். பந்தயத்துக்கு 18 நாள் முன்பே ஊசி போட்டதாகச் சொன்னார்கள். மருந்து கொடுத்தபின் பந்தயம் வரை ஒதுக்க வேண்டிய காலம் 14 நாள் என்றுதான் அதிகாரிகளே அறிவுறுத்தியிருந்தார்கள். 1,500 டாலர்.

தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு விளக்கமும் நம்பக்கூடியது. குதிரை தன் படுக்கையைத் தின்னும், நக்கும். மனிதச் சிறுநீர் பட்ட வைக்கோலைத் தின்ற குதிரைக்கு மனித மருந்து ஏறுவது லாயம் தெரிந்தவர்களுக்குப் புதிதல்ல. ஃபுளூனிக்சின் கொடுத்த குதிரை தன் சிறுநீர் ஊறிய வைக்கோலையே மறுபடி தின்று, ரத்தத்தில் இறங்கிக்கொண்டிருந்த மருந்தை மீண்டும் ஏற்றிக்கொள்வதும் உண்டு. ஆனால் ஓராண்டுக்குள் பட்டை, இருமல் மருந்து, ஊசி, களிம்பு என்று நான்கு வழிகள் ஒரே லாயத்தில் திறந்து கிடந்தால், ஒவ்வொன்றும் விபத்து என்பதே அந்த லாயத்தின் மேல் வைக்கும் குற்றச்சாட்டு. வேலைக்காரர்களுக்குத் தனிக் கழிப்பறை, மருந்து பூசக் கையுறை, மருந்து ஏற்றிய குதிரையின் படுக்கையைத் தினமும் முழுசாக மாற்றுவது, ஒவ்வொரு டப்பாவிலும் உள்ள மூலப்பொருளைப் பதிவேட்டில் எழுதுவது: கோடிகள் புரளும் லாயத்துக்கு இவை பெரிய செலவல்ல. கவனக்குறைவுக்கு என்று தனிப் படிநிலை வைத்து, அடுத்தடுத்து நடந்தால் ஏறிக்கொண்டே போகும் தண்டனை இருந்திருந்தால், 2022 பிப்ரவரியில் 90 நாளா என்று யாரும் வியந்திருக்க மாட்டார்கள். நான்கு வழக்கு மூன்று மாநிலங்களில் நடந்தது. ஒவ்வொரு மாநிலமும் தன் கணக்கை மட்டும் பார்த்தது.

அந்த வெற்றிடத்தை நிரப்பியது மைதானத்தின் முதலாளி நிறுவனம். சர்ச்சில் டவுன்ஸ் 2021 ஜூனில் தன் மைதானங்களில் பாஃபர்ட்டுக்கு இரண்டாண்டு தடை போட்டது. 2023 ஜூலையில் அதை 2024 கடைசி வரை நீட்டியது. 2024 ஜூலையில் நீக்கியது. ஆக, மாநில அதிகாரிகள் கொடுத்தது 90 நாள். ஒரு கம்பெனி கொடுத்தது மூன்றாண்டு. மூன்று டெர்பிகள் போயின. பாஃபர்ட்டின் மேல் எனக்குக் கரிசனம் கிடையாது. ஆனால் விசாரணைக்கும் மேல்முறையீட்டுக்கும் உட்பட்ட தண்டனையைவிட, அவை எதுவுமில்லாத தண்டனை பன்னிரண்டு மடங்கு நீளமாக இருப்பதைச் சட்டத்தின் ஆட்சி என்று எப்படிச் சொல்வது?

90 நாள் தடை என்றால் நடைமுறையில் என்ன என்பதையும் சொல்ல வேண்டும். குதிரைகள் லாயத்தில் சும்மா நிற்பதில்லை. 2022 டெர்பிக்கு முன் பாஃபர்ட்டின் டைபா, மெஸியர் இரண்டும் அவரிடம் முன்பு உதவியாளராக இருந்த டிம் யாக்டீனின் பெயருக்கு மாறி, டெர்பியிலும் ஓடின. மறு ஆண்டு பிரீக்னஸ் பந்தயத்தை பாஃபர்ட்டின் நேஷனல் டிரெஷர் ஜெயித்தது. நூறு குதிரை வைத்திருப்பவருக்கு 90 நாள் ஒரு நீண்ட விடுமுறை. எட்டுக் குதிரை வைத்திருப்பவருக்கோ முதல் வாரத்திலேயே சொந்தக்காரர்கள் வேறிடம் மாற்றிவிடுவார்கள், சைஸ்கள் போய்விடுவார்கள், மைதானத்து லாய இடமும் கை மாறும். 91ஆம் நாள் அவர் திரும்பி வந்தால் கட்டுவதற்குக் குதிரை இருக்காது. நாள் கணக்கில் சமமாக இருக்கிற தண்டனை ஆளுக்கு ஆள் இவ்வளவு மாறுவதை எந்த விதிப் புத்தகமும் கணக்கில் எடுப்பதில்லை.

வேண்டுமென்றே செய்தால் எப்படி இருக்கும் என்பதற்கு இங்கிலாந்தின் நியூமார்க்கெட் உதாரணம். 2013 ஏப்ரலில் துபாய் ஆட்சியாளரின் கோடால்ஃபின் நிறுவனத்து மவுல்டன் பேடக்ஸ் லாயத்தில் முன்னறிவிப்பில்லாமல் எடுத்த மாதிரிகளில் 11 குதிரைகளுக்கு அனபாலிக் ஸ்டீராய்டு. பயிற்சியாளர் மஹ்மூத் அல் ஜரூனி ஒப்புக்கொண்டார். மேலும் சில குதிரைகளையும் அவரே சேர்த்துச் சொன்னார். எட்டாண்டு தடை, குதிரைகளுக்கு ஆறு மாதம் ஓட்டம் இல்லை. பிடிபட்டதிலிருந்து தீர்ப்பு வரை மூன்று வாரம்கூட ஆகவில்லை. இங்கே நம்மில் பலருக்குத் தெரியாத கிளைக்கதை ஒன்று உண்டு. அந்த லாயத்தின் என்கே 2012 செயின்ட் லெஜரில் கேமலாட்டை முந்தியது. கேமலாட் ஜெயித்திருந்தால் 1970இல் நிஜின்ஸ்கிக்குப் பிறகு முதல் ஆங்கில டிரிபிள் கிரவுன், அதாவது ஒரே ஆண்டில் மூன்று பெரிய பந்தயங்களிலும் வெற்றி. பின்னர் எடுத்த சோதனையில் என்கேக்கும் ஸ்டீராய்டு தென்பட்டது. லெஜர் நாளின் மாதிரி சுத்தமாக இருந்ததால் அந்த முடிவு அப்படியே நிற்கிறது. ஸ்டீராய்டால் வளர்ந்த தசை, மருந்து உடம்பை விட்டுப் போன பிறகும் இருக்கும். பந்தய நாள் சோதனையால் அதைப் பிடிக்க முடியாது. இதை உணர்ந்துதான் பிரிட்டன் 2015இல் ஸ்டீராய்டு ஏற்றிய குதிரை 14 மாதம் ஓடக் கூடாது என்று விதி செய்தது.

அமெரிக்காவில் இதைவிட மோசம். பயிற்சியாளர் ஜேசன் சர்விஸின் மேக்சிமம் செக்யூரிட்டி 2020இல் முதல் சவூதி கோப்பைப் பந்தயத்தில் முதலில் வந்தது. ஒன்பதே நாளில், மார்ச் 9 அன்று, அவரும் இன்னொரு பயிற்சியாளர் ஜார்ஜ் நவாரோவும் உட்பட 20க்கும் மேற்பட்டவர்கள் மேல் நியூயார்க்கில் குற்றப்பத்திரிகை. அவர்களைப் பிடித்துக் கொடுத்தது ஆய்வகம் அல்ல. எஃப்பிஐ ஒட்டுக்கேட்ட தொலைபேசிப் பேச்சு. நவாரோவுக்கு ஐந்தாண்டு, சர்விஸுக்கு நான்காண்டு சிறை. பட்டியலில் இல்லாத, முத்திரை மாற்றிய மருந்தை ஆய்வகம் தேடாது, தேடாதது தென்படாது. பந்தய நாள் சோதனையில் பெரும்பாலும் கணக்குப் பிசகியவர்களும் களிம்பு டப்பாவைப் படிக்காதவர்களும்தான் மாட்டுகிறார்கள்.

தீவனத்தால் மாட்டியவர்களும் உண்டு. 2014 அஸ்காட் தங்கக் கோப்பையில் இரண்டாவதாக வந்த எஸ்டிமேட், மறைந்த எலிசபெத் ராணியின் குதிரை. மார்ஃபின் தென்பட்டது, தீவனத்தில் கலந்த கசகசாச் செடியின் எச்சம். பரிசுப் பணம் 80,000 பவுண்டுக்கு மேல் போனது. பயிற்சியாளருக்குத் தண்டனை இல்லை. நான் மேலே சொன்ன பிரிவினை இதுதான்: முடிவைத் திருத்துவது வேறு, ஆளைத் தண்டிப்பது வேறு. 2020 அக்டோபரில் பாரிஸின் ஆர்க் பந்தயத்துக்கு முன்னால், தீவனத்தில் ஜில்பட்டெரால் என்ற, மாட்டின் தசையைக் கூட்டும் மருந்து இருப்பது தெரிந்து பயிற்சியாளர் ஏடன் ஓ’பிரையன் தன் குதிரைகளையே விலக்கிக்கொண்டார்.

நம் வேலியோரத்து ஊமத்தையின் இனத்தைச் சேர்ந்த களைச்செடிக்கும் இதில் பங்குண்டு. அதில் ஸ்கோபோலமின் இருக்கிறது. 2018 சாந்தா அனிதா டெர்பியில் ஜெயித்த ஜஸ்டிஃபையின் சிறுநீரில் அது வரம்பைத் தாண்டி இருந்தது. வைக்கோலில் களை கலந்திருக்கிறது, வேறு சில குதிரைகளிலும் குறைந்த அளவில் இருந்தது என்று கலிபோர்னியா வாரியம் மூடிய அறையில் வழக்கை முடித்துவிட்டது. அதற்குள் குதிரை டிரிபிள் கிரவுனையே ஜெயித்துவிட்டது. விஷயம் வெளியே வந்தது 2019 செப்டம்பரில், பத்திரிகை வழியாக. களைக் கதை உண்மையாகவே இருக்கலாம். அதற்காக அப்போது முடிவைத் திருத்தாமல் விட்டதும், வெளியே சொல்லாமல் விட்டதும் எஸ்டிமேட் வழக்கில் செய்ததற்கு நேர் எதிர். பயிற்சியாளர் இங்கேயும் பாஃபர்ட்தான் என்பதால், பின்னால் அவர் சொன்ன உண்மையைக்கூட ஊர் நம்ப மறுத்தது. மறைப்பவர்கள் பயிற்சியாளருக்குச் செய்வது உதவி இல்லை.

செடியிலும் மண்ணிலும் இயல்பாக இருப்பவற்றுக்கு வரம்பு வைப்பது பழைய வழக்கம். சர்வதேச விதியில் சிறுநீரில் தியோபுரோமின் ஒரு மில்லிலிட்டருக்கு 2 மைக்ரோகிராம் வரை இருக்கலாம். தீவனத்தில் கோகோ உமி கலப்பதால். குதிரைமசாலில் இயல்பாக இருப்பதால் சாலிசிலிக் அமிலம் 750 மைக்ரோகிராம் வரை. கோபால்ட் லிட்டருக்கு 100 மைக்ரோகிராம். பி12 உயிர்ச்சத்திலேயே கோபால்ட் இருப்பதால் பூஜ்ஜியம் கேட்க முடியாது. இந்த கோபால்ட்டால்தான் ஆஸ்திரேலியா பட்ட பாடு. விக்டோரியா மாநிலத்தில் பயிற்சியாளர்கள் டேனி ஓ’பிரையனுக்கு நான்காண்டு, மார்க் கவனாவுக்கு மூன்றாண்டு தடை விதித்தார்கள். கால்நடை மருத்துவர் ஏற்றிய சொட்டு மருந்தில் என்ன இருந்தது என்று அவர்களுக்குத் தெரியாது எனத் தீர்ப்பாயம் 2017இல் அதை நீக்கியது. 2019 மெல்போர்ன் கோப்பையை ஜெயித்தவர் அதே ஓ’பிரையன். பிளாக் கேவியர் என்ற புகழ்பெற்ற குதிரையைப் பழக்கிய பீட்டர் மூடிக்கு, வேண்டுமென்றே செய்தது நிரூபணமாகாமலே, 12 மாதம். அதில் 6 மாதம் நிறுத்திவைப்பு. ஒரே மாநிலம், ஒரே உலோகம், ஏறக்குறைய ஒரே காலம். நான்காண்டிலிருந்து ஒன்றுமில்லை வரை தண்டனை ஊசலாடுகிறது.

2020 டிசம்பரில் அமெரிக்கா நாடு முழுவதற்குமான சட்டம் கொண்டுவந்தது. அதன் மருந்துக் கட்டுப்பாட்டுப் பிரிவு 2023 மே 22 முதல் நடக்கிறது. நான் கேட்கிறவற்றில் பாதி அதில் இருக்கிறது: அறவே கூடாத பொருள்கள் ஒரு பட்டியல், முதல் தடவைக்கே இரண்டாண்டு வரை, வைத்தியத்துக்கு உதவும் மருந்துகள் வேறு பட்டியல், தண்டனை நாள் கணக்கில், மூட்டு ஊசிக்குப் பிறகு 14 நாள் ஓடக் கூடாது. அதிலும் முதல் கோடையிலேயே சிக்கல் வந்தது. சர்க்கரை நோயாளிகள் தினமும் விழுங்கும் மெட்ஃபார்மினை முதல் பட்டியலில் போட்டுவிட்டார்கள். லாயத்தில் வேலை செய்கிறவர்களில் சர்க்கரை நோயாளிகள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். மாத்திரை தொட்ட கையால் வாய்க்கட்டு மாட்டினாலே நுண்ணிய ஆய்வகக் கருவி காட்டிக்கொடுத்துவிடும். அந்த அளவுக்கும், கள்ளத்தனமாக ஊட்டிய அளவுக்கும் நடுவே கோடு கிழிக்காமல் இரண்டாண்டு என்று எழுதி வைத்தது, ஊமத்தை வழக்கை மூடி மறைத்ததன் மறுபக்கம். முன்பு கண்டுகொள்ளவில்லை, அப்புறம் கண்ணில் பட்டதெல்லாம் கொலைக்குற்றம்.

கோடு கிழிக்க வழிகள் இருக்கின்றன. பிடரி மயிர் மாதம் இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் வளரும். வேரோடு சேர்த்து வெட்டி, துண்டு துண்டாக ஆராய்ந்தால் கிளென்புடெரால் (மூச்சுக்குழாய் மருந்து) போன்றவை எந்த மாதத்தில், எத்தனை காலம் ஏறின என்று ஓரளவு சொல்லலாம். ஒரு தடவை பட்ட மாசா, மாதக்கணக்கில் ஊட்டியதா என்பது பிரிந்துவிடும். கறுப்பு மயிரில் மருந்து கூடுதலாகப் படியும், வெள்ளை மயிரில் குறைவு; எனவே அளவை வைத்து அல்லாமல் பரவலை வைத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். மருந்து தென்படும் காலம் வேறு, ஒதுக்க வேண்டிய காலம் வேறு என்பதையும் அதிகாரிகள் அட்டவணையிலேயே அச்சிட வேண்டும். பியூட்டுக்கு ஐரோப்பிய ஆய்வகங்கள் சொல்லும் தென்படும் காலம் 168 மணி நேரம். அது விரல்விட்டு எண்ணக்கூடிய குதிரைகளுக்குக் கொடுத்துப் பார்த்துக் கண்ட எண். உங்கள் குதிரையின் ஈரல் மெதுவாக வேலை செய்தால் எட்டாம் நாளும் தென்படும். எண்ணின் மேல் பாதுகாப்பு நாள்களைக் கூட்ட வேண்டியது மருத்துவர். அவர் கூட்டாமல் விட்டால் தண்டனையிலும் பங்கு அவருக்கு வர வேண்டும். இப்போது பெரும்பாலும் ஊசியைப் போட்டவர் அடுத்த லாயத்துக்கு நடந்து போய்விடுகிறார், உரிமம் போவது பயிற்சியாளருக்கு.

1968 டெர்பியில் முதலில் வந்த டான்சர்ஸ் இமேஜ், பியூட்டுக்காக வெற்றியை இழந்தது. பயிற்சியாளருக்கு 30 நாள். சில ஆண்டுகளில் கென்டக்கியே அந்த மருந்தை அனுமதித்தது. இப்போது மறுபடி கெடுபிடி. 2021இல் மெடினா ஸ்பிரிட்டின் மேல் பணம் கட்டியவர்களுக்கு அன்று மாலையே கொடுத்துவிட்டார்கள். மாண்டலூன் டிக்கெட்டைக் கிழித்துப் போட்டவருக்கு, ஒன்பது மாதம் கழித்து அது ஜெயித்த டிக்கெட் என்று தெரிந்தும், ஒரு டாலர் வரவில்லை. பந்தயப் பணம் முதலில் அறிவித்த முடிவின்படிதான் என்று விதி.

இப்படிக்கு,
குதிரை வைத்தியம் பார்க்கும் ஒரு வாசகர்,
சென்னை.